அந்த மீனின் வயிற்றில் இருந்தது

மச்சான்,

என் இடக்கை பெருஞ்சீரகம் மணக்கிறது. வீட்டில் கறித்தூளுக்கு ஒன்றும் வறுக்கவில்லை. நம்முடைய தூண்டில் ரப்பர் புழுக்களின் மணம்தான். மீனை ஏமாற்ற அவற்றில் பூசி விற்பார்களே, அது. "கையைக் கழுவிப்போட்டு வாங்கோவன், சோறு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் இடக்கையை மேசையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, மற்றக் கையால் உனக்கு எழுதுகிறேன். நீ போன பிறகு இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த மலை ஏரிக்குப் போய்வந்தேன்.

சந்தேகப்படுவதில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் நீ செவுளைக் கிளப்பிப் பார்க்காத மீன் கிடையாது. உன்னைத் தூரத்தில் கண்டாலே மீன்காரன் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவான். நீ வேலை செய்த வீட்டு முதலாளி, அந்த சிஞ்ஞோரே, மீன்பிடிப் போட்டிக்குத் தன் படகைத் தருகிறேன் என்றபோது, "சும்மா தாறான் எண்டால் எங்கையோ ஓட்டை இருக்கும்" என்று அதைக் கவிழ்த்துப் போட்டுத் தடவிப் பார்த்தவன் நீ. நான் பூட்டிய கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். நம்மைப் போல ஒரு சோடி அந்த ஏரியில் இறங்கியிருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தம். தொழில்முறை இல்லாதவர்களுக்கான பாஸ் மீன்பிடிச் சாம்பியன்ஷிப். மீனை உயிரோடு கொண்டுவந்து நிறுத்துக் காட்ட வேண்டும், பிறகு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். மன்னார்க் கடலில் வளர்ந்த உனக்கு அது பெரிய பகிடி. "பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதுக்கு ஒரு கப்போ?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனாலும் அந்தக் கப் உனக்கு வேண்டியிருந்தது. இந்த நகரத்தில் யார் வீட்டைத் துடைக்கிறோமோ அவர்களுடைய பெயரைச் சொல்லித்தான் நம்மைக் கூப்பிட்டார்கள். "ஒருக்கா மைக்கிலை என்ரை பேரைச் சொல்லட்டும் மச்சான். பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை" என்றாய்.

காலையிலேயே நாணல் ஓரத்தில் உன் தூண்டில் வளைந்தது. வலையில் அள்ளியது நான். பச்சை முதுகு, ஆவென்று பிளந்த பெரிய வாய், கனத்த வயிறு. படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் அதை விட்டோம். உனக்குப் பசித்தது. கரை ஓரம் ஒதுக்கி, பாண் வாங்கிவர என்னை அனுப்பினாய். வண்டிக்காரனிடம் எள்ளுத் தூவிய பாணை வாங்கிக்கொண்டு திரும்பினால், நீ தொட்டிக்கு மேல் குனிந்திருக்கிறாய். இரண்டு கைகளும் தண்ணீருக்குள். உன் காலடியில், தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுப் பை வாய் திறந்து கிடக்கிறது.

"என்ன செய்யிறாய்?"

"தண்ணி சூடாகுது. மாத்தப் போறன்."

பாணைப் பிய்த்துச் சாப்பிட்டோம். எள்ளு படகெல்லாம் கொட்டியது.

தராசில் உன் மீன்தான் முதலாவது. மைக் பிடித்தவன் உன் பெயரை எப்படிச் சொல்வதென்று தாளைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் "பியோம்போ!" என்று கத்தினான். ஈயம்! மீனின் வாய்க்குள் ஈயக்குண்டைத் தள்ளி நிறையைக் கூட்டிவிட்டோமாம். நடுவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உவோவா, உவோவா" என்று நீ முட்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நடுவர் கத்தி கேட்டார்.

நீ மீனை அவர் கையிலிருந்து வாங்கினாய். வயிற்றை உள்ளங்கையில் தாங்கியபடி நாலு எட்டில் தண்ணீருக்குப் போய் விட்டுவிட்டாய். அது வாலை அடித்துக்கொண்டு போனது. கப்பும் போனது. உன் பெயரை யாரும் சொல்லவில்லை. வந்த கோபம் அவர்கள் மேலா உன் மேலா என்று எனக்கே தெரியவில்லை. குற்றமில்லாதவன் ஏன் சாட்சியைத் தண்ணீரில் விடுகிறான்?

பலெர்மோவுக்கு இறங்கும் பஸ்ஸில் கேட்டே விட்டேன். "உண்மையைச் சொல்லு. ஈயம் போட்டனியோ?"

நீ உன் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்தாய். பொன்மஞ்சளாக நாலைந்து மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எள்ளைத் தட்டிவிடு" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டு கையைக் காற்சட்டையில் துடைத்தாய். "வெட்டியிருந்தா அவங்கள் நம்பியிருப்பாங்கள். நீ நம்பமாட்டாய் மச்சான். நீ அடுத்த மீனையும் வெட்டச் சொல்லுவாய்."

அதற்குப் பிறகும் நாம் எத்தனையோ ஞாயிறுகள் ஒன்றாகத் தூண்டில் போட்டோம். உன் பிள்ளையின் முதல்நன்மைக்குத் தேவாலயத்துக்கு நான் வந்தேன், எங்கள் பொங்கலுக்கு நீ வந்தாய். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தபோதும் கேள்வி வாய்வரை வந்தது. "நோகுதோ?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலை அதே நாணல் ஓரத்தில் எனக்கு ஒரு மீன் பட்டது. நல்ல கனம். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, பார்க்கவே ஆளில்லை. ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? வயிறு ஏன் இப்படிக் கல்லுப் போல இருக்கிறது என்று மெல்ல அமுக்கிப் பார்த்தேன். சினை மீன். உள்ளங்கையில் நாலைந்து மணிகள் ஒட்டின. பொன்மஞ்சள், எள்ளளவு. மீனைத் தண்ணீரில் விட்டேன். அது போன பிறகும் கையை விரித்தபடி படகிலேயே இருந்தேன். இன்று நான் பாண் வாங்கவில்லை மச்சான்.

மணிகள் காய்ந்து தோலோடு ஒட்டிவிட்டன. மனைவி வந்து என் கையை எட்டிப் பார்க்கிறாள். "என்ன உது, எள்ளோ?" என்கிறாள். இல்லை, மீன்முட்டை என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். உன் பெயரையும் சொன்னேன். பிழையில்லாமல், முழுப் பெயராக.

இன்னும் கழுவவில்லை.