அளவு பார்க்காமல் சொன்ன வண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கடையில் பழைய தையல் மெஷின்கூட முனகாமல் ஓடுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறோம், இருக்கிறாயா என்று அம்மா இரண்டு தரம் கேட்கச் சொன்னாள். உன் அத்தைக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்ட அன்றைக்கே என்னைப் பார்த்து, அண்ணே உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா என்று கேட்டாள். மாடி வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்கிறார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இரண்டு நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், உன் குரலைக் கேட்டால் இது என் வாயில் வராது. போன செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாயே, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது, வண்டி ஓட்டவும் இப்போதுதான் பழகியிருக்கிறேன், சின்ன வண்டி ஒன்று பெரிய வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், எதை எடுக்கட்டும்பா என்று. அப்போது நான் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தேன், கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான், சின்ன வண்டியெல்லாம் ஒரு வண்டியா, எடுத்தா பெருசா எடு, உங்கப்பன் அந்தக் காலத்துல எவ்வளவு பெரிய வண்டிய ஓட்டினவன் தெரியுமா என்று விளாசித் தள்ளினேன். நீயும் சரிப்பா, பத்தாம் தேதி பெரிசையே எடுத்துடறேன் என்றாய். மூன்று பேரில் ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அந்தத் தட்டலுக்காகத்தான் பாப்பா உன் கைகாலைப் பணயம் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

நான் பெரிய வண்டி வாங்கியது நிஜம். ஓட்டியது பதினாறே நாள். வண்டி விற்கும் கடையில் அதன்மேல் ஏறி உட்கார்ந்தபோது எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. என்ன செய்தேன் தெரியுமா, வீட்டுக்குப் போய்க் கல்யாணத்துக்கு வாங்கிய உயரமான ஷூவை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன், பெருவிரல் தொட்டது, போதும் என்று கையெழுத்துப் போட்டேன். ஊருக்கெல்லாம் அரை அங்குலம் பிசகாமல் தைத்துக் கொடுப்பவன் என் காலுக்கு நானே பொய் அளவு கொடுத்தேன். மறுநாளிலிருந்து செருப்போடுதான் ஓட்டினேன்.

பதினாறாம் நாள் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது, நானும் நின்று காலை ஊன்றினேன், காலுக்குக் கீழே தரை இல்லை. வண்டி சாய்ந்தது. நான் குதித்துவிட்டேன். அது அவள் முட்டிமேல் விழுந்தது. உன் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் அவளாகவே அப்படிச் சொன்னாள், நான் மறுக்காமல் நின்றேன், இன்று வரைக்கும் நிற்கிறேன். சின்ன வயதில் நீ ஒவ்வொரு படியிலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பாத்து எறங்கும்மா, மறுபடியும் விழுந்துடாதே என்பாய், நான் பக்கத்திலேயே பேப்பர் படிப்பதுபோல இருப்பேன்.

அதனால் கேள். நீ போகும்போது தைத்துக் கொடுத்த பேன்ட்டுக்கு உள்கால் நீளம் இருபத்தேழு அங்குலம்தான், எனக்கு மறக்கவில்லை, அந்தப் பெரிய வண்டி உனக்கு ஆகாது. வேலைக்குப் போடும் அதே செருப்போடு போய் உட்கார்ந்து பார், இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும். கடைக்காரர் கை வைக்காமல் நீயே வண்டியைப் பின்னுக்குத் தள்ளு, கொஞ்சம் சாய்த்துத் தாங்க முடிகிறதா என்று பார். வேகத்தைப் பற்றி அவர் பேசினால் பேசட்டும், நீ பிரேக்கைப் பற்றிக் கேள். முதலில் விடுமுறை நாள் காலையில் ஆபீஸ் வரைக்கும் சும்மா போய் வந்து பழகு. ஹெல்மெட் இரவல் வேண்டாம், உன் தலைக்கு இறுக்கமாக ஒன்று வாங்கு. நன்றாகக் கை பழகும் வரைக்கும் யாரையும் பின்னால் ஏற்றாதே.

இவ்வளவும் எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. பிள்ளையிடம் போய் இதையெல்லாம் எதற்கு என்று தடுப்பாள் என நினைத்தேன், உள்ளுக்குள் அதற்கு ஆசைகூடப் பட்டேன். அவள், ஒண்ணை விட்டுட்டீங்க என்றாள். அந்த ஏத்தத்துக்கு முன்னாடியே, நான் எறங்கி நடந்து வரேன், நீங்க மெதுவா ஏறுங்கன்னு சொன்னேன், எல்லாரும் பாக்கறாங்க பேசாம உக்காருன்னீங்க, அதையும் எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீ ஒரு கீறல் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பத்தாம் தேதிக்கு முன்னால் கூப்பிடு. முதலில் அம்மாவிடம் பேசு, அதற்குப் பிறகு என்னிடம் பேசத் தோன்றினால் போனைக் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
உன் அப்பா