கபிலனின் பையில் இருந்த போத்தல்

1994 மார்ச் 6, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலை, மகன் கபிலனின் பையைக் கவிழ்த்துக் கொட்டியது. தமிழ்ப் புத்தகம், கொப்பி இரண்டு, உடைந்த அடிமட்டம், ஒற்றைக் காலுறை, நசுங்கிய சிப்ஸ் பக்கற். பையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். மண் மணம்தான். பிறகும் சோப்புப் போட்டுத் தோய்த்து ஹீற்றர்மேல் விரித்துவிட்டேன். வெளியே தூறல். உள்ளே பையிலிருந்து சொட்டு.

நேற்று நடந்ததை எழுதிவிட்டால் நித்திரை வரலாம்.

சட்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் இவர் வழக்கம்போலப் பள்ளிச் செயலாளர் தங்கராசா அண்ணையின் காரில் வந்துவிட்டார். கபி பந்தடித்துவிட்டுப் பஸ்ஸில். எங்கள் தோர்ண்டன் ஹீத் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியவனை இரண்டு பொலிஸ்காரர் மறித்திருக்கிறார்கள். பைக்குள் ஒரு சின்னப் போத்தல் விஸ்கி. யாருடையது என்று கேட்டதற்கு, என்னுடையது, நான்தான் வாங்கினேன் என்றானாம். பதினைந்து வயது.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது தங்கராசா அண்ணை எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காரிலேயே இவர் போனார். தகப்பன் பக்கத்தில் இருக்கத்தான் விசாரிப்பார்களாம். திரும்பவும் அதையே சொன்னானாம். எந்தக் கடை என்று மட்டும் சொல்லவில்லை.

குற்றம்: பதினெட்டு வயதுக்குள் மது வாங்கியது. 15ஆம் தேதி, செவ்வாய் பின்னேரம், தாயோ தகப்பனோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தால் 'கோஷன்' என்கிறார்கள். ஒரு பெரிய அதிகாரி எச்சரித்து அனுப்புவார். கோர்ட் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் கோர்ட்டுக்கும் போகலாம்.

வீடு திரும்பியவனை வாசலில் வைத்தே கன்னத்தில் அடிக்க ஓங்கினேன். என்னைவிட வளர்ந்துவிட்டான். தோளில்தான் பட்டது. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மேலே போனான்.

இவர் சனி இரவில் கொஞ்சம் குடிப்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பள்ளித் தலைவர் குடிப்பார் என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது. "உங்களைப் பாத்துத்தான் பழகியிருக்கிறான்" என்றேன். இவர் மறுக்கவில்லை. "ஓம். என்னிலையும் பிழை இருக்கு" என்றார். அந்தச் சொல்லுக்காக இவர்மேல் இரக்கம் வந்தது. இரவு சாப்பாடு போட்டுக்கொடுத்தேன்.

மார்ச் 7, திங்கள்

ரயில் தாமதம். ஆஸ்பத்திரி அப்பொயின்ற்மென்ற் மேசையில் எனக்கு முன்பே வரிசை. இரண்டு பேருக்குத் தேதியை மாற்றி எழுதிவிட்டேன்.

பக்கத்து மேசை வெரா கவனித்துவிட்டாள். ஜமேக்காக்காரி. இரண்டு மகன்களை இந்த ஊரிலேயே தனியாக வளர்த்தவள். மதிய இடைவேளையில் சொல்லிவிட்டேன். விஸ்கியைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"துண்டு தந்தார்களா?"

"என்ன துண்டு?"

"சோதித்ததற்கு எழுதித் தரும் துண்டு. என்ன தேடுகிறோம் என்றாவது சொன்னார்களா? தங்கள் பெயர்?"

"தெரியாது."

"உன் மகன் கேட்கவில்லையா?"

"பொலிஸ்காரரிடமா?"

வெரா சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "என் பையன்களுக்குப் பால்பல் விழும்போதே சொல்லிக்கொடுத்தேன். பெயரைக் கேள், எந்த ஸ்டேஷன் என்று கேள், காரணம் கேள், துண்டைக் கேள். குரலை மட்டும் உயர்த்தாதே. நீ என்ன சொல்லிக்கொடுத்தாய்?"

நான் சொல்லிக்கொடுத்தது: கை இரண்டும் வெளியே தெரிய வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. அவர்கள் கேட்க முதலே பையைத் திறந்து காட்டிவிட வேண்டும். ஊரில் செக்பொயின்றுகளில் அப்படித்தான் நாங்கள் தப்பி வந்தோம்.

"அப்படியானால் அவன் நல்ல பிள்ளை. தாய் சொன்னதைச் செய்திருக்கிறான்" என்றாள் வெரா.

இரவு கபியிடம் கேட்டேன். "வட்ஸ் இன் த பாக் எண்டு கேட்டாங்கள். திறந்து குடுத்தன்." அவ்வளவுதான்.

மார்ச் 8, செவ்வாய்

காலை பனி. அரிசி முடிகிறது. குளியலறை பைப் ஒழுக்கு, கவுன்சிலுக்குப் போன் போட வேண்டும்.

இவர் கபியின் சேட்டைத் தானே அயர்ன் பண்ணிவைத்தார். கபிக்குப் பிடித்த கோழிப் பொரியலும் வாங்கிவந்தார். நன்றாகத்தான் இருக்கிறார்கள் இரண்டு பேரும். எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. குடிக்க வாங்கியவன் ஏன் திறக்கவே இல்லை? போத்தல் சீல் உடையாமல் இருந்தது என்று இவர்தான் சொன்னார்.

மார்ச் 9, புதன்

வெரா சொன்ன இலவச சட்ட ஆலோசனை நிலையத்துக்கு மதியம் போனேன். மழைக்கோட்டு மணக்கும் சின்ன அறை. கொண்டைக்குள் பென்சில் செருகிய இளம் பெண். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

அவள் சொன்னதில் நினைவிருப்பது:

தெருவில் மறித்துச் சோதிக்க, நியாயமான சந்தேகம் வேண்டும். களவுப்பொருள், ஆயுதம், போதைமருந்து, அந்த மாதிரி. மதுப் போத்தல் அந்த வரிசையில் இல்லை. பெயர், ஸ்டேஷன், என்ன தேடுகிறார்கள், ஏன், எல்லாம் சொல்ல வேண்டும். பதிவு எழுத வேண்டும். அதன் பிரதியை ஒரு வருடத்துக்குள் கேட்டு வாங்கலாம்.

"அவனாகவே திறந்து கொடுத்தான்" என்றேன்.

"அதைத்தான் அவர்களும் சொல்வார்கள். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை, எதிரே இரண்டு பொலிஸ். அதைச் சம்மதம் என்று சொல்வதா என்று கேட்கலாம். கேட்பது நல்லது. அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்."

பிறகு அவள் கேட்டது வேறு. பதினைந்து வயதுப் பையனுக்கு யார் விஸ்கி விற்றது? காசு எங்கிருந்து வந்தது?

அதை நான் கபியிடம் கேட்டதே இல்லை.

"பையில் வைத்திருப்பது குற்றமே இல்லை. கடையில் வாங்குவதுதான் குற்றம். பெரியவர் ஒருவர் வாங்கி இவன் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், ஒருவர்மேலும் குற்றமில்லை. இவன் வாங்கினேன் என்று சொன்னதால்தான் வழக்கே இருக்கிறது. செய்யாவிட்டால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவனுக்குக் கோஷன் கொடுக்க முடியாது. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் முடியாது."

"கோஷன் சின்ன விஷயம் என்கிறார்களே."

"செய்தவனுக்குச் சின்னது. செய்யாதவனுக்கு, அடுத்த முறை தெருவில் மறிக்கும்போது இதுவும் கூட வரும்."

இரவு. இவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் கோப்பை கழுவ, கபி துடைத்தான்.

"எந்தக் கடையிலை வாங்கினனி?"

அடுத்த கோப்பையை எடுத்தான்.

"காசு ஆர் தந்தது?"

"லீவ் இட், அம்மா."

"கபிலன்."

துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தான். "அது அப்பாடை. ஒவ்வொரு சனியும் சட்டனிலை வாங்கி என்ரை பாக்குக்கை வைப்பார். நான் பஸ்ஸிலை கொண்டு வருவன். தங்கராசா மாமாடை காரிலை அவர் கொண்டு வரேலாதுதானே. இஞ்சை வாங்கவும் ஏலாது, கடைக்காரர் எல்லாம் தமிழ் ஆக்கள்."

"எப்ப தொடக்கம்?"

"எட்டாம் வகுப்பிலை இருந்து."

"பிறகேன் உன்ரை எண்டு சொன்னாய்?"

"அப்பாடை எண்டு சொன்னா வீட்டை வந்து கேப்பாங்கள். மாமா ஹோலுக்கை இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் என்ன செய்யிறது?"

என் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. போத்தல் எப்படி வீட்டுக்கு வருகிறது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஸ்டேஷனில் அவன் இரண்டாம் முறை அதைச் சொன்னபோது இவர் பக்கத்துக் கதிரையில். கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

மார்ச் 10, வியாழன்

கேட்டுவிட்டேன். பின்னேரம், இவர் ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துக் கயிறு கட்டும்போது.

"அவன் சொல்லிட்டானோ?" என்றார். கோபம் இல்லை. களைப்பு.

சட்ட நிலையத்தில் கேட்டதைச் சொன்னேன். "ஒரு வசனம் சொன்னால் முடிஞ்சுது. நான் வாங்கினது, அவன் தூக்கிக்கொண்டு வந்தது. உங்களுக்கும் குற்றமில்லை, அவனுக்கும் இல்லை. சட்டப்படி ஒண்டும் வராது."

"சட்டத்துக்கு ஆர் பயந்தது?"

"பின்னை?"

"இஞ்சை பாரும். ஸ்டேஷன்லை நான் சொல்ல வெளிக்கிட்டனான். வாய் வரேல்லை. இனிப் போய்ச் சொன்னால், அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பாங்கள். தங்கராசா அண்ணை வெளியிலை நிண்டவர். ஒரு கிழமையிலை சட்டன் முழுக்கத் தெரிஞ்சிடும். பள்ளிக்கூடத் தலைவர், பிள்ளையின்ரை பாக்குக்கை சாராயம்."

"அவன்ரை பேர்?"

"அவன் சின்னப் பெடியன். பதினெட்டு வயசிலை எல்லாரும் மறந்துபோவினம். எனக்கு மறப்பினமோ?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். பஸ் போய்விடும் என்று இறங்கிவிட்டார்.

கெட்ட மனிதர் இல்லை. ஊரில் மாஸ்டர். இங்கே இரவில் கார் பார்க் காவல். சனிக்கிழமை நாலு மணித்தியாலம் மட்டும் திரும்பவும் மாஸ்டர். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய.

மார்ச் 11, வெள்ளி

ஆர்ச்வே கோயிலுக்குப் போவோம் என்றார். தலையிடி என்றேன். தனியே போய் வந்தார். கபியின் பேருக்கு அர்ச்சனை. விபூதியைக் கொண்டுவந்து பூசிவிட்டார். கபி கொஞ்சம் குனிந்து நெற்றியைக் காட்டினான். அவனுக்கு இவரில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பைப் இன்னும் ஒழுகுகிறது.

மார்ச் 12, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எனக்குத் தேத்தண்ணி முறை. பின்னால் நின்று கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் இவர். முதலில் மண்டப வாடகை, பரீட்சைத் தேதி. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொரு விஷயம். நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பியள். என்ரை மகன் போன கிழமை ஒரு பிழை விட்டிட்டான். நான் மறைக்க விரும்பேல்லை. பிள்ளை பிழை விட்டால், தகப்பன் முதல்லை தலை குனிய வேணும். நான் குனியிறன்."

குனிந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும்.

கபி கடைசி வரிசை வாங்கில். சுவரில் ஒட்டிய உயிரெழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கராசா அண்ணை என்னிடம் வந்தார். "தங்கச்சி, மாஸ்டரைப் போலை ஒரு மனுசனைக் காணேலாது. தன்ரை பிள்ளையெண்டும் பாக்கேல்லை. வேறை ஆராயும் இருந்தால் மூடி மறைச்சிருப்பினம்."

"ஓம் அண்ணை" என்றேன். சீனி போதுமோ என்று கேட்டேன்.

கபி ஒரு வருடமாகச் சின்ன வகுப்புக்கு எழுத்துப் பழக்க உதவி செய்கிறான். பிள்ளைகள் அவன் முதுகில் ஏறி விளையாடுவார்கள். இன்று வகுப்பு ரீச்சர் கதவிலேயே மறித்து, "இண்டைக்கு வேண்டாம் தம்பி. கொஞ்ச நாள் போகட்டும்" என்றா. கபி தலையாட்டிவிட்டு, சோக்குப் பெட்டியை அவவிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு வாண்டு "கபியண்ணா வா" என்று உள்ளே இருந்து கத்திக்கொண்டே இருந்தது.

காரில் வரச் சொன்னார்கள். நான் கபியோடு பஸ்ஸில். மேல்தட்டு, முன் இருக்கை.

"அப்பா நல்லாப் பேசினார், என்ன?" என்றான். "நானே நம்பிட்டன்."

சிரித்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 13, ஞாயிறு

புட்டும் முட்டைப்பொரியலும். மூன்று பேரும் ஒரே மேசையில். இவர் கபிக்குச் சொல்லிக்கொடுத்தார்: "பெரிசாக் கதைக்கத் தேவையில்லை. யெஸ் சேர், சொறி சேர். அஞ்சு நிமிசத்திலை முடிஞ்சிடும். நானும் பக்கத்திலை இருப்பன்தானே."

"ஓகே அப்பா."

"இனி அந்தச் சாமானை நான் தொடவும் மாட்டன்" என்றார் என்னைப் பார்த்து. தொடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு விலை இவன் கொடுக்கிறான்.

இவர் எழும்பிப் போனபின், "உனக்கு விருப்பமோ இது?" என்று கேட்டேன்.

"இட்ஸ் ஒன்லி எ கோஷன், அம்மா. அப்பா பாவம்."

பதினைந்து வயதில் தகப்பனைப் பாவம் என்று சொல்லப் பழகிவிட்டான். நான் அதைப் பழக எத்தனையோ வருடம் எடுத்தது. பழகியதால்தான் இவ்வளவும்.

நான் உண்மையைச் சொன்னால் இவர் என்ன ஆவார்? மேடையிலிருந்து இறங்க வேண்டி வரும். சட்டனில் தலை காட்டமாட்டார். என்னோடு பேசாமலும் விடலாம். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துப் பார்க்கிறேன். மற்றப் பக்கம், கதவில் நின்று சோக்குப் பெட்டியை நீட்டின கை.

மார்ச் 14, திங்கள்

வெயில். பல நாளுக்குப் பிறகு. வேலையிடத்தில் சன்னல் திறந்து வைத்தோம்.

நாளைப் பின்னேர ஷிப்டை வெராவோடு மாற்றிக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மதியம் தெருமுனைப் பெட்டியிலிருந்து சட்ட நிலையத்துக்குப் போன். முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். சொல்லலாம், ஏன் பொய் சொன்னான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஸ்டேஷனில் வைத்தே இலவசமாக ஒரு சட்டத்தரணி, சொலிசிற்றர், கேட்கலாம், அவர் வரும்வரை ஒன்றிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றாள் அந்தப் பெண்.

இவர் இன்றும் நாளையும் இரவு ஷிப்டுக்கு லீவு எடுத்திருக்கிறார். நாளைக்குக் கபி பள்ளியால் வீட்டுக்கு வந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். இப்போது கீழே வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார். கபி படிக்கிறான், அல்லது படிப்பதுபோல் இருக்கிறான்.

இருவருக்கும் சொல்லவில்லை. வெராவுக்கும் சொல்லவில்லை.

நாளை பள்ளிக்கூட வாசலில் நான் நிற்பேன். அங்கிருந்து நேரே ஸ்டேஷன். தாயோ தகப்பனோ என்றுதானே சொன்னார்கள். சொலிசிற்றர் கேட்பேன். சோதித்த பதிவின் பிரதி கேட்பேன். கோஷனுக்குச் சம்மதிக்கமாட்டேன். போத்தல் யாருடையது என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.