ரோஸ் தாளுக்கு இது போதும்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கப்பாவும் சுகம்தான், காது மட்டும் தனக்கு வேண்டாததைக் கேட்பதில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய், காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோதும் அதையேதான் சொன்னாய். தாள் ஏன் இப்படி ரோஸ் நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காதே. பள்ளிக்கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, சீந்துவார் இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சூப்பர்வைசர் லைசென்ஸ் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கப்போவதில்லை என்றாய். லிஃப்டைக் கழற்றி மாட்டுறது வரும், எழுத்துப் பரீட்சையெல்லாம் நமக்கு வராதும்மா, எனக்கு இது போதும் என்றாய். நானும், சரிடா, உனக்கு எது முடியுதோ அதைச் செய் என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து அந்த வார்த்தை என்னைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி கூப்பிட்டால் சரிம்மா சரிம்மா என்றுவிட்டு லிஃப்டுக்குள் போய் நின்றுகொள்வாய், அங்கே சிக்னல் கிடையாது. அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஞானோதயம் வந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாகக் கற்றுக்கொள்கிறதாம், அதனால் பாடத்தையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். இதைச் சொல்வதற்கு இரண்டு நாள் பயிற்சி. வந்தவர் இஸ்திரி கலையாத சட்டை போட்டவர், வகுப்பறைக்குள் கால் வைத்துப் பத்து வருஷமாவது இருக்கும். மழலை வகுப்பு டீச்சர், கணக்கு டீச்சர், பாட்டு டீச்சர், பி.டி. மாஸ்டர் என்று அறுபது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே திரையில், ஒரே வேகத்தில், எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுக்காதீங்க என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுத்தார். பி.டி. மாஸ்டர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். நான் கை தூக்கி, இருபத்தாறு வருஷமா இதுகளோடதான் குடித்தனம் பண்றேன், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும், எப்படிச் செய்யறதுன்னு சொல்லுங்க சார் என்றேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். முடிவில் அவர் விட்டுவிட்டுப் போனது மூன்று நிறம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நீலத் தாளில் கஷ்டமான கேள்வி, நடுவில் இருப்பவர்களுக்கு மஞ்சள் தாள், மெதுவாகப் படிப்பவர்களுக்கு ரோஸ் தாளில் சுலபமான கேள்வி. யார் எந்த நிறம் என்று முடிவு செய்ய ஒரே ஒரு பரீட்சை. அன்றைக்குத் தலைவலி வந்த பிள்ளைக்கு வருஷம் முழுக்க ரோஸ். பிள்ளைகளிடம் நிறத்தின் அர்த்தத்தைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வேறு. அதுகள் முதல் நாள் இரண்டாவது பீரியடிலேயே கண்டுபிடித்துவிட்டன.

என் வகுப்பில் முப்பத்தோரு பேர். நீலம் பத்து, மஞ்சள் பதினைந்து, ரோஸ் ஆறு. ஐந்து வாரம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விதமாகக் கேள்வி எழுதி, நிறம் நிறமாக எடுத்து, சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருப்பேன். உதவி செய்கிறேன் பேர்வழி என்று உங்கப்பா ஒருநாள் அடுக்கிக் கொடுத்தார். மூன்று நிறத்தையும் அழகாகக் கலந்து அடுக்கியிருந்தார், பார்க்க நன்றாக இருக்கும் என்று. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதிகாரிகளும் அதைத்தான் செய்கிறார்கள். ஆறாவது வாரம் எனக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல். பின்னம் நடத்த வேண்டிய நாள். நடுத்தரமான பத்துக் கேள்வி எழுதியிருந்தேன், மற்ற இரண்டும் எழுதவில்லை, எழுதவும் தெம்பில்லை. போங்கடா நீங்களும் உங்கள் நிறமும் என்று, அந்த ஒரே கேள்வித்தாளை மூன்று நிறத்திலும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஆமாம், உன் அம்மாதான். எல்லாருக்கும் ஒரே பத்துக் கேள்வி, தாளின் நிறம் மட்டும் வேறு. ரோஸ் தாள் ஐந்தோடு தீர்ந்துபோனது. ஆறாவது ஆள் தச்சர் மகன், வகுப்பில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர், அவன் கையில் மீந்த நீலத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெதுவாகத் திரும்பிப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி அன்றைக்கென்றே கல்வி அதிகாரி வந்து சேர்ந்தார், தலைமையாசிரியை பின்னாலேயே. அதிகாரி ஒரு ரோஸ் தாளை எடுத்துப் பொறுமையாகப் படித்தார். பாருங்க, மெதுவாப் படிக்கிற பிள்ளைங்க மிரண்டுடாத மாதிரி எவ்வளவு எளிமையா கேட்டிருக்காங்க என்றார். அப்புறம் ஒரு நீலத் தாளை எடுத்தார், அதையும் படித்தார், இது நல்ல சவால், கெட்டிக்காரங்களுக்குச் சரியான தீனி என்றார். சிரிப்பை அடக்கி எனக்கு இருமலே வந்துவிட்டது. பார்வையாளர் நோட்டில் அரைப் பக்கம் பாராட்டு எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியை அதை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தார், கையோடு ரோஸ் தாள் பத்துக் கட்டு வாங்கவும் சொன்னார். வீட்டுக்கு வந்து சொன்னால் உங்கப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பெல்லாம் தாளைத் திருத்தும் வரைக்கும்தான். நீலம் எல்லாரும் பத்துக்கு எட்டு, ஒன்பது. ரோஸ் ஐந்து பேரும் இரண்டு, மூன்று. அதே கேள்விடா, ஒரு புள்ளி மாறவில்லை. தூங்குமூஞ்சி? எட்டு. நான் இரண்டு தடவை திருத்தினேன். ரோஸ் கூட்டத்தில் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்பதால் பெயரே ஏன் என்று ஆகிவிட்டது. அவள் முதல் மூன்று கணக்கை முத்து முத்தாகப் போட்டுவிட்டு மீதி இடத்தில் பூ வரைந்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். ரோஸ் தாளுக்கு இது போதும் டீச்சர் என்றாள். கொஞ்சம்கூட வருத்தமில்லாமல், கடைக்காரர் எடை சொல்கிற மாதிரி சொன்னாள். சரி வாயாலேயே சொல்லு என்று நாலாவது கணக்கிலிருந்து கேட்டால், ஒன்பது வரைக்கும் சொல்லிவிட்டாள். பத்தாவதில்தான் தடுமாறினாள், அதற்கும் ஏன் என்று கேட்டாள். நீலத்தில் இருக்கும் ஒருத்தியோ, நீலத் தாளாச்சே, உள்ள ஏதாவது வில்லங்கம் இருக்கும்னு எல்லாத்தையும் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன் டீச்சர் என்கிறாள்.

இதற்குள் அந்த மார்க்கெல்லாம் மேலே போய்விட்டது. அவ்வளவு சுலபமான தாளையே போட முடியாத ஐந்து பேரை இனி வகுப்பில் வைத்திருப்பது வீண், அடுத்த மாதத்திலிருந்து தனி அறைக்கு மாற்றிவிடலாம் என்று உத்தரவு வந்தது. தனி அறை என்றால் என்னவோ என்று நினைக்காதே. மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருப்பார்களே, அதேதான், பெஞ்சை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு வாசலில் அழகான பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். பட்டியலில் வகுப்பாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியை பேனாவைத் திறந்தே கொடுத்தார். நான் வாங்கவில்லை. மூன்று நிறத் தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினேன். எழுத்துமேல் எழுத்து, எண்மேல் எண், ஒரு நூல்கூட நகரவில்லை. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளைகளைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அதிகாரி பாராட்டை போர்டுல போட்டுட்டோமே டீச்சர் என்றார். அவர் கவலை அவருக்கு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும், பேசாம கையெழுத்துப் போட்டுடுங்க, ரிடையர் ஆக மூணே வருஷம் இருக்கு, எதுக்கு வம்பு என்றார். வம்பு இல்லாத வேலை வேண்டுமென்றால் நான் தபால் தலை ஒட்டப் போயிருப்பேனே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ, அந்த அம்மாளே சொல்லியிருக்க வேண்டும். திட்டத்தைக் கேலிக்கூத்தாக்கியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். மூன்று தாளையும் மார்க் பட்டியலையும் சேர்த்துக் குத்தி, ஜன்னலோரம் வைத்துப் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரமாகச் சத்தமில்லை. எங்கேயாவது தூக்கியடிப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அடிக்கட்டும். ஐந்து பிள்ளைகளும் இன்றைக்கும் என் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களை இவ்வளவு திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. அந்தச் சட்டைக்காரர் சொன்னதில் ஒரு வரி உண்மை, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம்தான். ரோஸ் ஆறு பேரில் ஒருவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை, கண்ணாடி வேண்டும். ஐந்து வாரம் அவனுக்குச் சுலபமான கேள்வி எழுதி எழுதிக் கொடுத்தேனே தவிர, முன் பெஞ்சுக்கு வா என்று கூப்பிடத் தோன்றவில்லை எனக்கு, இருபத்தாறு வருஷ அனுபவசாலிக்கு. தச்சர் மகனிடம் அளவு டேப்பைக் கொடுத்து அரை, கால், அரைக்கால் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு காட்டுகிறான். ஏன் என்பவளுக்கு வாயைத் திறந்து பேசவிட்டால் கணக்கு வருகிறது, பேசாதே என்றால் பூதான் வருகிறது. இப்போது எல்லாருக்கும் வெள்ளைத் தாள், பத்துக் கேள்வியும் எல்லாருக்கும் உண்டு. டேப் வேண்டுமா, பேச வேண்டுமா, கூடக் கால் மணி நேரம் வேண்டுமா, எந்தக் கணக்கில் ஆரம்பிக்க வேண்டும் என்பது அவரவர் பாடு. போன வாரம் அந்தப் பெண் பத்தில் ஏழு. மீதி மூன்றுக்கு என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உன் விஷயம். இதே சாப்பாட்டு மேஜைதான், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பக்கம் உன் அண்ணன், இந்தப் பக்கம் நீ. அவனுக்குத் தடிப் புத்தகத்தைக் கொடுப்பேன். உனக்குக் கீழ் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து, முதல் மூணு கணக்கு மட்டும் போடு, உனக்கு இது போதும் என்பேன். பாவம், பிள்ளை திணற வேண்டாமே என்று பாசத்தில்தான் செய்தேன். பாசம்! அந்தச் சட்டைக்காரருக்கும் நான்தான் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், நிறத் தாளே இல்லாமல் என் வீட்டுக்குள் எப்போதோ நடத்திவிட்டேன். மூன்று கணக்கு போட்டுவிட்டு நீ என்ன செய்வாய்? டார்ச்சைக் கழற்றுவாய், கடிகாரத்தைக் கழற்றுவாய். அதையும் வால்தனம் என்று முதுகில் இரண்டு வைத்தேனே தவிர, படிப்பு என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்கிறவனுக்கு எழுத்துப் பரீட்சை வராது என்று யார் சொன்னது? யோசித்துப் பார்த்தால் என்னைத் தவிர யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. தடிப் புத்தகம் முழுக்கப் போட்டு முடித்த உன் அண்ணன் போன மாதம் வந்திருந்தான், சமையலறைக் குழாய் ஒழுகியது, அடியில் வாளியை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வாளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

எனக்கு இது போதும் என்று நீ சொன்னாயே, அது உன் வார்த்தை இல்லைடா, என்னுடையது. பத்து வயதுப் பிள்ளை கையில் நான் கொடுத்தது, இருபது வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறாய். தப்பு என்னுடையது, அம்மா என்பதால் மழுப்பவில்லை. படித்துப் பார்த்து, முட்டி மோதி, அதற்கப்புறம் வேண்டாம் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். தாளைப் பிரிக்காமலே வேண்டாம் என்று சொல்லாதே. புத்தகம் படித்தால் உனக்குத் தூக்கம் வரும், எனக்குத் தெரியும். கூட வேலை செய்யும் ஆளை வாசிக்கச் சொல்லிக் காதால் கேள், கையில் ஒரு பழைய சுவிட்சை வைத்துக் கழற்றிக்கொண்டே கேள், எழுத மணி நேரம் கூடக் கொடுப்பார்களா என்று வெட்கப்படாமல் கேட்டுப் பார். கேள்வியைக் குறைக்கச் சொல்லி மட்டும் கேட்காதே.

வேலை நேரத்தில் கையுறை போடு, வெறும் வயிற்றோடு ஏணி ஏறாதே, அந்தச் சுருங்கிப்போன சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்று வாங்கிக்கொள். உங்கப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தன் அன்பையும் எழுதச் சொல்கிறார், தனித் தாளில் எழுதுங்கள் என்றால் நழுவுகிறார். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நீ தொட்ட லிஃப்டெல்லாம் ஏற நினைத்தவரை ஏற்றிவிட வேண்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. பரீட்சைக்குப் பெயர் கொடுக்க இருபதாம் தேதி கடைசி என்று நீயே சொன்னாய், மறந்துவிட்டேன் என்று கதை விடாதே. இந்தக் கடிதம் முழுக்க ரோஸ் தாள்தான், முதல் மூன்று வரியோடு நீ நிறுத்தவில்லை பார்த்தாயா.

இப்படிக்கு,
மெமோ வாங்கிய உன் அம்மா