வண்டியைக் கழுவியது உனக்குத் தெரிந்திருக்கிறது

ஸ்டெல்லா, என் அருமைச் சண்டைக்காரியே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தாலே அழுகை வந்துவிடும். இன்று அழுகை வரவில்லை. உன் மேல் கோபம் கோபமாக வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திச் சேதி. ரிச்சர்ட்ஸ் டவுன் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. வாசல் பலகையில் இன்னும் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. உன்னுடையதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. என் மகள் இந்த வருடம் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். "பெரியம்மா இருந்திருந்தா என்ன விட்டிருக்கவே மாட்டாங்க, டாக்டருக்குத்தான் படிக்கச் சொல்லியிருப்பாங்க" என்று உன்னைத்தான் சொல்லிச் சிரித்தாள்.

இருபத்து மூன்று வருடமாக நாம் பார்த்தது ஒரே வேலை. வெடித்த கீசர், மூடி பறந்த குக்கர், ஒடிந்து விழுந்த தொட்டில். கோளாறான பொருளைச் செய்து விற்ற கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுப்பது. நான் ஆபீஸில் உட்கார்ந்து வரைபடம், சோதனை அறிக்கை என்று மூட்டை மூட்டையாகப் படித்து மனு எழுதுவேன். நீ கோர்ட்டில் நின்று கம்பெனி இன்ஜினியர்களைக் குறுக்கு விசாரணையில் வறுத்தெடுப்பாய். எனக்கோ ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உனக்கு அது நன்றாகவே தெரியும், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நீதானே?

செல்வி கேஸ் விசாரணைக்கு வந்துவிட்டது ஸ்டெல்லா. ஹெப்பகோடிப் பெண். மூன்று வருடத்துக்கு முன் மழையில் வேலை முடிந்து வரும்போது, கைப்பிடியை முறுக்காமலே அவளுடைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பாய்ந்து தடுப்புச் சுவரில் மோதியது. முழங்காலுக்குக் கீழே இடது கால் போனது. மோட்டாரை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது, அதன் ரப்பர் சீல் சரியில்லை என்பது நம் வாதம். கோர்ட் அனுப்பிய இன்ஜினியர் பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே தண்ணீர்க் கறையும் துருவும் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கைதான் நமக்கு உயிர்நாடி. இல்லையென்றால் செல்வி கவனமில்லாமல் ஓட்டினாள் என்று கம்பெனி கைகழுவிவிடும்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி இன்ஜினியரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், நான் செய்ய வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை செல்வியின் அம்மா சரோஜா ஆபீசுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

"மேடம், கோர்ட்ல என்னயும் கூப்புடுவாங்களா? வண்டியக் கழுவினத பத்திக் கேப்பாங்களா?"

"எந்த வண்டிய? எப்பக் கழுவினீங்க?"

"ஆயுத பூஜைக்கு மேடம். போலீஸ்ல இருந்து வண்டி வந்து ஷெட்டுல கெடந்துச்சு. எம்பொண்ணு ரத்தம் அதுமேல அப்படியே காஞ்சிருந்துச்சு. பூஜ அன்னிக்கு அத அப்படியே வுட்டுவெக்க மனசு வரல. பைப்பு போட்டு நல்லாக் கழுவி, குங்குமம் வெச்சு, பூசணிக்கா ஒடச்சேன். இனி யாரையும் காவு வாங்காதேன்னு அதுங்கிட்டயே கும்புட்டுக் கேட்டுக்கினேன்."

கோர்ட் இன்ஜினியர் வந்து பார்த்தது அதற்கு ஆறு வாரம் கழித்து. உள்ளே இருந்த தண்ணீர் மழையில் புகுந்ததா, சரோஜாம்மா பிடித்த பைப்பில் புகுந்ததா? இனி அதை யார் சொல்ல முடியும்?

"ஏம்மா இத்தன நாள் சொல்லல?" என்று கத்தியே விட்டேன்.

அந்த அம்மா மிரண்டு போய் என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா மேடம்கிட்ட அப்பவே சொன்னேனே. இத இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க, கோமதி மேடம்கிட்டகூட வேணாம்னாங்க."

என்னிடம்கூட வேண்டாமா ஸ்டெல்லா?

உனக்காகப் பார் அசோசியேஷனில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கோர்ட்டில் ஒரு நாளும் எதையும் மறைக்காதவள் என்று உன்னைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு வந்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்களை நீ எத்தனை தடவை ஏசியிருப்பாய்? அன்றைக்கு என்ன நினைத்து அப்படிச் சொன்னாய்? உடம்புக்கு முடியாமல் இருந்த நேரமா? இந்தப் பெண் தோற்கக் கூடாது என்ற தவிப்பா? சரியான நேரத்தில் நீயே சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாயா? இதையெல்லாம் நான் யாரைப் போய்க் கேட்பேன்?

சனிக்கிழமை ஹெப்பகோடி போனேன். செல்வி செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சொன்னா தோத்துடுவமா மேடம்?"

"தோக்கலாம்."

"சொல்லலன்னா?"

"ஜெயிக்கலாம். ஆனா தெரிஞ்சப்புறம் மறைச்சு என்னால நடத்த முடியாது. வேற வக்கீலத்தான் பாக்கணும்."

அவள் கழற்றி வைத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சமையலறையில் அவள் அம்மா பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு எரிச்சலோடு கேட்டாள். "நான் ஒண்ணு கேக்கறேன் மேடம். வண்டின்னா கழுவத்தான செய்வாங்க? இந்தத் தெருவுல பூஜைக்குக் கழுவாத வண்டி ஒண்ணு காட்டுங்க. கழுவினா தண்ணி உள்ள பூந்துக்கும்னா அத எதுக்கு விக்கறாங்க?"

மூட்டை மூட்டையாகப் படித்த எனக்கு இது தோன்றவில்லையே.

செவ்வாய்க்கிழமை காலை கோர்ட்டில் மெமோ கொடுத்தேன். சோதனைக்கு முன்பே வண்டி கழுவப்பட்டது, வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது என்று எழுதியிருந்தேன். கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். சாட்சியத்தைக் கலைத்துவிட்டார்கள், அறிக்கையைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று குதித்தார். அந்தக் கோரிக்கையைப் பிறகு பார்க்கலாம், முதலில் சாட்சியை விசாரியுங்கள் என்று ஜட்ஜம்மா சொல்லிவிட்டார்.

எழுந்து நின்றேன். ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"இந்த ஸ்கூட்டரைப் பைப் வைத்துத் தண்ணீரில் கழுவலாமா?"

"கழுவலாம்" என்றார் கம்பெனி இன்ஜினியர். "கையேட்டிலேயே இருக்கிறது."

"அப்படிக் கழுவினால் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தண்ணீர் போகுமா?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னார். "பதில் சொல்லட்டும்" என்றார் ஜட்ஜம்மா. போகும் என்றால் வண்டி கோளாறு. போகாது என்றால் அந்தத் தண்ணீரைச் சரோஜாம்மாவின் தலையில் கட்ட முடியாது. மூன்றாவதாக அவர் ஏதாவது சொல்லிவிட்டால் எனக்கு அடுத்த கேள்வி இல்லை.

"சீல் சரியாக இருந்தால் போகாது" என்றார்.

"உள்ளே தண்ணீர் போயிருந்ததா?"

"போயிருந்தது."

உட்கார்ந்துவிட்டேன். நீயாக இருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பாய். எனக்கு அந்த மூன்றே பெரும்பாடாக இருந்தது. மோதிய வேகத்தில்தான் சீல் கிழிந்தது என்று நாளை அவர்கள் வாதாடலாம். ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கம்பெனி வக்கீல் விடவில்லை. மெமோவை மறுபடி கையில் எடுத்தார். "வெள்ளிக்கிழமை தெரிந்தது என்கிறார். அதற்கு முன் இவர் ஆபீஸில் வேறு யாருக்காவது தெரியுமா? அதைச் சொல்லட்டும்."

ஸ்டெல்லா, அந்த மெமோவை நான்தான் எழுதினேன். அதில் ஒரு பொய் கிடையாது. உன் பெயரும் கிடையாது. நாலு நாளாக உன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டே, நீ செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். நீ செல்விக்காகச் செய்தாய். நான் உனக்காகச் செய்தேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரோஜாம்மா சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார். அந்தக் கோர்ட் ஹாலில் உன்னைத் தெரியாதவர்கள் யார்? பெஞ்ச் கிளார்க் உன் சாவுக்கு வந்து அழுதவர்.

"ஹேளி" என்றார் ஜட்ஜம்மா கன்னடத்தில். சொல்லுங்கள் என்று.

"என் பார்ட்னருக்குத் தெரியும்" என்றேன். "அவர் இப்போது உயிரோடு இல்லை."

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே பதிவு செய்யும்படி சொன்னார். அறிக்கை நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்ப்போடு சேர்த்துச் சொல்வதாகவும் சொன்னார். ஸ்டெனோ புதுப் பெண், உன்னைப் பார்த்தே இராதவள். தலையை நிமிர்த்தி, "பெயர் மேடம்?" என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாக உன் பெயரைச் சொன்னேன். அவள் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டாள்.

உன்னைக் குறை இல்லாதவள் என்று இனி எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன், ஸ்டெல்லா. ஆனால் உன்னை யாராவது ஏமாற்றுக்காரி என்று சொன்னால், அவர்களோடு கோர்ட்டிலானாலும் தெருவிலானாலும் சண்டை போடுவேன். இரண்டையும் உயிர் உள்ளவரை செய்வேன், இது சத்தியம்.

உன் பெயரைக் காட்டிக்கொடுத்த,
உன் கூடப் பிறக்காத தங்கை
கோமதி