கீபோர்டை முகர்ந்து பார்த்தவளுக்கு

பழைய கீபோர்டுகளைச் சீக்கிரம் சோதிக்கும் முறையை நான் கண்டுபிடித்ததாக டில்லி கிட்வாய் நகர்ப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொய். அது உன்னுடையது.

இன்று காலை ஒரு பழைய கீபோர்டைக் கழற்றினேன். புளித்த பால் டீயின் நாற்றம் மூக்கில் ஏறியது. விசைகளுக்கு அடியில் யாருடையதோ தலைமுடி, பொடுகு, குட்கா எச்சில் காய்ந்த சிவப்பு. உன் நினைவு வந்தது.

என் கணவர் காலமான மறு ஆண்டு, அறுபது வயதில், அந்த மையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வேலையை எத்தனை குறைந்த படிகளில் முடிக்கலாம் என்பதுதான் பாடம். டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்குப் புதிய கீபோர்டுகள் சவசவ என்றிருந்தன. டக்கென்று ஒலிக்கும் பழையவற்றைத் தேடி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தேன். தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வந்து, நடைபாதையில் கபாடி என்னும் பழைய சாமான் கடையில் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாய் நீ. நான் ஒவ்வொன்றையும் கடைக் கம்ப்யூட்டரில் செருகி, நூற்றொரு விசைகளையும் வரிசையாக அமுக்கினேன். நீ சிரித்தாய்.

"எல்லாத்தையும் எதுக்கும்மா அமுக்கிட்டு கெடக்குறீங்க? மொதல்ல மோந்து பாருங்க. டீ குடிச்சது தேறாது. அப்புறம் ஸ்பேஸ் பட்டன். அதான் ரொம்ப அடி வாங்கும். செத்திருந்தா தூக்கிப் போடுங்க. ஜல்தி முடியும்."

சொல்லிவிட்டு அந்த அழுக்கிலேயே மூக்கை வைத்தாய். நான் முகம் சுளித்தேன். நீ நீட்டியதைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினேன்.

"இந்தத் துணி கீபோர்டுக்கா, எனக்கா?" என்றாய்.

செலவு குறைந்த சோதனை முதலில். தோற்றால் அங்கேயே நிறுத்து. நீ சொன்னதை நல்ல ஆங்கிலத்தில் இப்படி எழுதி வகுப்பில் கொடுத்தேன். எங்கே கற்றீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். யோசித்தேன் என்றேன். நான் படித்த கான்வென்ட்டில் பொய் சொன்னவளை வெளியே நிறுத்துவார்கள். எனக்குக் கைதட்டினார்கள். ஆறு ஆண்டுகளாகப் பாடத்தாளில் அது என் பெயரோடு அச்சாகிறது.

சென்ற வாரம் கடைக்குப் போனேன். காய்ச்சலில் நீ இறந்துவிட்டாய் என்றார் கடைக்காரர். உன் பெயரைக் கேட்டேன். மதராசன், அதாவது மதராஸ்காரி, என்றுதான் கூப்பிடுவோம் என்றார். அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் எனக்கும் தெரியாதே. இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் கேட்கவில்லை.

இப்போதும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன். நாற்றம் கீபோர்டோடு நிற்பதில்லை.

இதன் நகல் பயிற்சி மையத்துக்குப் போகிறது. ஆசிரியர் அவர்களே, அவள் பெயரை மதராசி கேம்ப்பில் நானே விசாரித்துத் தருகிறேன். பாடத்தாளில் என் பெயரை நீக்கி அவள் பெயரை அச்சிடுவீர்களா என்று எழுத்து மூலம் பதில் தரவும்.