விறகை விட்டுவிட்டு நாடுகளை ஒப்பிட்ட கணக்கு

அனுப்புநர்:
மரக்கிடங்கில் முப்பத்தொரு ஆண்டு அளவு நாடா பிடித்தவன்,
சரிவின் கீழ் வரிசை, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை வன அதிகாரி அவர்கள்.

பொருள்: எங்கள் வீடுகளுக்கு மேலுள்ள சரிவில் 412 மரங்களை வெட்டும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சென்ற வாரம் தங்கள் சரக அதிகாரி கூட்டம் போட்டுச் சுவரில் படம் காட்டினார். எந்த நாட்டில் ஆண்டுக்கு எவ்வளவு மரம் வெட்டுகிறார்கள் என்று வண்ண வண்ணக் கோடுகள். பனி பெய்யும் ஒரு நாட்டின் கோடு கூரையைத் தொட்டது. நம் கோடு தரையில் படுத்திருந்தது. அதைப் பார்த்து அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம் தீர எங்கள் சரிவை மொட்டையடிக்கப் போகிறாராம்.

2. நாம் வெட்டுவது ஒன்றும் குறைவில்லையே என்று எழுந்து சொன்னேன். "பெரியவரே, இது உலகக் கணக்கு. உங்களுக்குப் புரியாது, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்காக, அவர் பேச்சுக்காக அல்ல.

3. ஐயா, நம் கிடங்கில் பதிவேடு இரண்டு. நேரான அடிமரம் ஒன்றில் ஏறும். கோணல், கிளை, நுனி எல்லாம் விறகென்று மற்றதில் ஏறும். கிழக்குச் சரிவை வெட்டிய ஆண்டு நூறு வண்டி வந்தால் அறுபத்து மூன்று விறகு வண்டி. எது எந்தக் கிழமை வந்தது என்று இன்றும் சொல்வேன். தங்கள் அதிகாரி கூட்டியது முதல் பதிவேட்டை மட்டும். விறகுப் பதிவேடு அவர் மேசையின் குட்டைக் காலுக்கு முட்டாக இருக்கிறது. அந்த அறையில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

4. கூட்டத்தில் அவர் கொடுத்த தாளை வீட்டில் மருமகள் வாசித்தாள். "மாமா, கீழ பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு" என்றாள். மற்ற நாடுகளின் அளவில் விறகும் சேர்த்தி என்று அதில் இருந்தது. அத்தனை வருடம் படித்த மனிதர், தாம் கொடுத்த தாளைக் கடைசி வரி வரை படிக்கவில்லை. நான் படிக்காததற்குக் காரணம் உண்டு. அவருக்கு என்ன காரணம் என்று தாங்கள் விசாரிக்க வேண்டும்.

5. கிழக்குச் சரிவு மொட்டையான மறு மழையிலேயே மண் இறங்கி என் தம்பி வீட்டு அடுப்பங்கரையை மூடியது. உள்ளே தம்பி மனைவி இருந்தாள். வெளியே எடுக்க மதியமாகிவிட்டது. எடுத்து என்ன பயன். அதற்குத் தங்கள் அலுவலகத்தில் யாரும் கோடு வரையவில்லை. இப்போது குறி போட்டிருக்கும் சரிவின் கீழ் பதினொரு வீடுகள்.

ஆகையால் இரண்டு பதிவேடுகளையும் கூட்டி மறுபடி ஒப்பிடும்வரை வெட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். முடியாதென்றால், திங்கட்கிழமை காலை வெட்டு ஆட்கள் வரும் நேரத்துக்குத் தாங்களும் சரக அதிகாரியும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் மருமகள் சமைக்கும் இடத்தில் நின்று உத்தரவு கொடுங்கள். மழை வரும்வரை அங்கேயே இருங்கள்.

இடம்: சரிவின் கீழ் வரிசை
நாள்: புதன்கிழமை, ஆறாம் தேதி

இப்படிக்கு,
இடது பெருவிரல் ரேகை
(சொன்னபடி எழுதியது: மருமகள்)