சேலை கார்டு

செப்டம்பர் 7, ஞாயிறு

மூணாறு முடிவாகிவிட்டது. அக்டோபர் 2 கிளம்பி 5 திரும்புவது. நான்கு வண்டி, எல்லாம் பைக். ஆபீஸ் அஜித்தான் ஏற்பாடு. "தங்கையன் அண்ணே, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, என் ஒய்ஃபும் வர்றா" என்று ஸ்பீக்கரில் கத்தினான். பக்கத்தில் நின்ற சுபலட்சுமி கேட்டுவிட்டாள். தொலைந்தது. சாயங்காலமே போய் ரெயின்கோட் வாங்கி வந்துவிட்டாள். ரோஸ் கலர். வேலை பார்க்கிற ஜவுளிக் கடையில் லீவும் கேட்டாயிற்றாம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் எங்கேயுமே கூட்டிப் போனதில்லையாம்.

இவளோடு மூணாறா? வழியெல்லாம் "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று முதுகைச் சுரண்டுவாள். அஜித் மனைவி ஜீன்ஸும் ஹெல்மெட்டுமாக இறங்குவாள். இவள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக இறங்குவாள். நாலு பேர் பார்ப்பார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் அழுவாள். வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. பை!

வண்டியில் மாட்டுகிற பெட்டி வகையெல்லாம் நம் சம்பளத்துக்கு எட்டாது. துணிப் பைதான். அதில் இரண்டு தினுசு. ஒன்று சீட்டின் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் தொங்கும், மேலே ஆள் உட்காரலாம். இன்னொன்றைப் பின் சீட்டிலேயே வைத்துக் கட்ட வேண்டும். அதைக் கட்டினால் ஆளுக்கு இடமில்லை.

இரண்டையும் தைக்கச் சொல்லப் போகிறேன். நான் அவளை வேண்டாம் என்று சொன்னேனா? இடமில்லை, அவ்வளவுதானே.

செப்டம்பர் 14, ஞாயிறு

தென்னூரில் மீரான் பாயின் சீட் கவர் கடை. லாரித் தார்ப்பாயில் பக்கத்துக்கு ஒன்று, பின் சீட்டுக்கு ஒன்று என்று மூன்று பையும் தைத்து வைத்திருந்தார். கம்பெனிப் பையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. வலது பக்கம் சைலன்சர் சூடு படாமல் ஒரு கம்பியை வளைத்து, பையைத் தள்ளி நிறுத்தினார். இடது பக்கம்தான் தகராறு. பின் சக்கரத்தை மறைக்கிற சேலை கார்டு துருத்திக்கொண்டு நிற்பதால் அந்தப் பக்கப் பை மட்டும் வெளியே தள்ளி நிற்கிறது. வண்டி ஒரு கன்னம் வீங்கினவன் மாதிரி இருந்தது.

"அதைக் கழட்டிருங்க பாய்."

"வேணாங்க, இருக்கட்டும். பை சக்கரத்துல போகாம அதுதான் தடுக்கும். வீட்டுக்காரம்மா வேற ஒக்காருவாங்கல்ல?"

"இனிமே ஒக்கார மாட்டாங்க. கழட்டுங்க."

கால் வைக்கிற தகடும் சேர்ந்து கழன்றது. அங்கேயும் ஒரு கம்பி போதும் என்றேன். "கார்டை எடுத்துட்டுப் போங்க" என்றார். பழைய இரும்பில் போடுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டி இப்போது ஜம்மென்று இருக்கிறது.

வாசலில் மூன்று பையையும் மாட்டிக் காட்டினேன். ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"நான் எங்கங்க ஒக்காருவேன்?"

"அதான் சுபா நானும் பாக்குறேன். எடமே இல்லயே" என்றேன். முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொண்டேன். நன்றாகவே வந்தது.

பின் சீட்டுப் பையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். "நல்லா தைச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

ரெயின்கோட்டைத் திருப்பிக் கொடு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். விலைச் சீட்டோடு பீரோவில் வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 27, சனி

நாளைக்குச் சமயபுரம் போகணுமாம். நான் பத்திரமாகப் போய்த் திரும்ப அர்ச்சனையாம். "பஸ்ல கூட்டமா இருக்கும்ங்க. பையை மட்டும் கழட்டிட்டு வண்டில கூட்டிட்டுப் போங்க" என்றாள். சரி, போய்த் தொலையட்டும். இதையாவது செய்வோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

டோல்கேட் தாண்டி —

எப்படி எழுதறது. பின்னாடி ஏதோ இழுத்துச்சு, வண்டி ஆடுச்சு, அவ்ளோதான் தெரியும். சத்தம்கூடப் போடல அவ. திரும்பிப் பாத்தா ரோட்டுல கெடக்குறா. முந்தானை பூரா பின் சக்கரத்துல சுத்திக் கெடக்கு. பூ விக்கிற அம்மா ஓடி வந்து கத்தியால அறுத்து விட்டுச்சு. நான் ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறேன். ஸ்டாண்டு போடணும்னுகூடத் தோணல.

கழட்டுனது நான். நான்தானே?

செப்டம்பர் 29, திங்கள்

இடது முழங்கை உடைந்திருக்கிறது. பிளேட் வைத்துவிட்டார்கள். தோளிலிருந்து கழுத்து வரை சிவப்பாக ஒரு கோடு. அவள் அண்ணன் ஆண்டி மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளேயே வந்திருக்கிறார்.

"ஏன் மாப்ள, வண்டில சேலை கார்டு இல்லயே?"

கட்டிலில் இருந்தபடி சுபாதான் சொன்னாள்: "அது எப்பவோ ஒடஞ்சு போச்சுண்ணே. நான்தான் முந்தானையைச் சொருகாம ஒக்காந்துட்டேன்."

"பொம்பளைக்குக் கொஞ்சமாச்சும் கவனம் வேணாம்?" என்று அவளைத்தான் திட்டினார். நான் அவர் வாங்கி வந்த டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன். டீ நன்றாக இருந்தது.

அக்டோபர் 1, புதன்

அவளே சொன்னாள். "போயிட்டு வாங்க. அண்ணி வந்து என்னைப் பாத்துக்கிறாங்க. தைச்ச பை வீணாப் போக வேணாம்." குத்திச் சொன்னாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேண்டாம் சுபா என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மூணாறு. நாள் முழுக்க மழை. மூன்று பையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

அக்டோபர் 4, சனி

அஜித் மனைவி வழியெல்லாம் "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று கத்திக்கொண்டே வருகிறாள். அவன் சிரித்துக்கொண்டே மெதுவாகப் போகிறான்.

நவம்பர் 2, ஞாயிறு

கட்டு பிரித்தாகிவிட்டது. முழங்கை முழுதாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. மேல்வீட்டு சகாயம்மாள் வந்து பின்னிவிடுகிறார். இன்று நான் சீப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "வேணாங்க, அவங்க வந்துருவாங்க" என்றாள்.

சோறு போடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சண்டைதான் போடமாட்டேங்கிறா. ஏண்டி அன்னிக்கு உங்கண்ணன்கிட்ட என்னைக் காப்பாத்துனேன்னு கேக்கணும். பயமா இருக்கு. கேட்டா சொல்லிருவா.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்று பையையும் அஜித்துக்குக் கொடுத்துவிட்டேன். மீரான் பாயிடம் போய்ப் புது சேலை கார்டு வேண்டும் என்றேன். உள்ளே போய் என் பழைய கார்டையே எடுத்து வந்தார். "இரும்புல போட மனசு வரலிங்க" என்றார். கம்பியைக் கழற்றிவிட்டு மாட்டினார், கால் தகட்டையும் மாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

சுபா இன்று மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். காலையிலிருந்து மழை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ராஜகோபுரம் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். ரோஸ் கலர் ரெயின்கோட். விலைச் சீட்டை அறுத்துவிட்டிருந்தாள்.

வண்டியை அவள் எதிரே நிறுத்தினேன். "ஏறு சுபா. கார்டு மாட்டிட்டேன், பாரு."

குனிந்து பார்த்தாள். வலது உள்ளங்கையால் ஈர சீட்டை இரண்டு தட்டு தட்டினாள்.

"நல்லா மாட்டிருக்காரு" என்றாள்.

ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. என்னைச் சுற்றிக்கொண்டு போய் ஏறினாள். ஜன்னலோரமாகவே அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது.